தறியை ஜப்தி செய்ய முடியாது

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் எங்கே இருக்கிறது என்று ஒரு காலத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் போதும். தறிச் சத்தமே வழி காட்டும். இப்பொழுது பல வீடுகளில் அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பலகை அடிக்கும் ஓசை கேட்கத்தான் கேட்கிறது.

அப்படி ஓசை கேட்ட ஒரு வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் உட்காரும்படி நேர்ந்தது. வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். குழித்தறியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, நீங்க எழுதறவங்கன்னு சொன்னாங்க. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எம் பையனைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடுமா?"

படித்தேன். பையன் தறியில் உட்காரவில்லை. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஒரு வங்கி அவனுக்குக் கிரெடிட் கார்டு கொடுத்திருக்கிறது. வேலை சில மாதம் இல்லாமல் போயிற்று, பாக்கி ஏறிவிட்டது. வசூலுக்கு அமர்த்தப்பட்ட யாரோ ஒருவர் எழுதிய கடிதம் அது. "கிரிமினல் நடவடிக்கை", "கைது வாரண்டு", "சொத்து ஜப்தி" என்று வரிக்கு வரி பயமுறுத்தல்.

"எங்க பாட்டன் காலத்திலேருந்து கடன்லேயே பொறந்து கடன்லேயே வளர்ந்தவங்கதான் நாங்க. ஆனா ஜெயிலுக்கு யாரும் போனதில்லீங்க" என்றார் பெரியவர்.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. வாங்கிய கடனைக் கொடுக்காதவனை ஊரும் அரசும் என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களை அடுக்கிப் பார்க்கக் காஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை என்று தோன்றிற்று. பட்டையும் தெய்வத்தையும் போலவே கடனும் இந்த ஊரில் மிகப் பழைய குடி.

நம் மொழியிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கடன் கொடுத்தவனையும் கடன்காரன் என்கிறோம். வாங்கியவனையும் கடன்காரன் என்கிறோம். "வாசலில் கடன்காரன் நிற்கிறான்" என்றால் கொடுத்தவன். "அவன் பெரிய கடன்காரன்" என்றால் வாங்கியவன். அதற்கும் மேலே, கடன் என்ற சொல்லுக்கே கடமை என்ற பொருளும் உண்டு. காலைக் கடன் என்கிறோம். இறந்தவர்க்குச் செய்வதை நீத்தார் கடன் என்கிறோம். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒரே பெயர் வைத்த சமூகம், அது இருவரையும் பிணைக்கும் கயிறு என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த நினைப்புக்குக் காஞ்சியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. உத்தம சோழனின் பதினாறாவது ஆட்சி ஆண்டில், ஏறக்குறைய 985ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட செப்பேடுகள் இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காஞ்சிக்கு அப்போது கச்சிப்பேடு என்று பெயர். ஊரகத்துப் பெருமாள் கோயிலின், அதாவது இன்று நாம் உலகளந்த பெருமாள் கோயில் என்று சொல்லும் கோயிலின், காரியங்களைப் பற்றிய சாசனம் அது. கோயிலுக்குச் சொந்தமான பொன்னை நெசவாளர் குடியிருந்த பகுதிகள் வட்டிக்கு வாங்கிக்கொண்டன. வட்டி கோயிலின் செலவுக்குப் போயிற்று. சரி, இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பும் அதே நெசவாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதுதான் அதிசயம். கடன் வாங்கியவனே கடன் கொடுத்தவனின் வீட்டுக் கணக்கையும் பார்த்தான்! நெசவாளி அன்று பெருமாளுக்குக் கடன்பட்டவன். ஆனால் பெருமாளின் காரியஸ்தனும் அவனே. தலை குனிந்து நிற்க வேண்டிய நிலை அவனுக்கு இல்லை.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் அதற்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஒப்புக்கொண்டதைச் செய்யத் தவறினால், தர்மாசனம் என்ற நியாய சபைக்கு நாள்தோறும் இவ்வளவு பொன் தண்டம் கட்டுகிறோம் என்று ஊர்ச் சபைகளே எழுதிக் கொடுத்தன. தண்டம் பொன்னில்தான், உடம்பில் அல்ல. கடன்பட்டவர்களும் தனி ஆட்கள் அல்ல, ஒரு சேரி அல்லது ஒரு சபை. ஒருவன் நொடித்துப் போனால் மற்றவர்கள் தாங்கிக்கொள்ள இடம் இருந்தது.

தனி மனிதன் பட்ட கடனுக்கு நிலைமை வேறு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கடன் கொடுத்தவன் பல முறை கேட்டுச் சலித்துப்போனால், கடனாளியைக் கண்ட இடத்தில் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவானாம். பணத்தைக் கொடுக்காமலோ, ஈடு காட்டாமலோ அந்தக் கோட்டைத் தாண்டினால் மரண தண்டனைக்கு உரியவனாம். அந்த நாட்டு அரசனே ஓர் அயல்நாட்டு வணிகனுக்குப் பாக்கி வைத்திருந்தான். குதிரைமேல் வந்துகொண்டிருந்த அரசனையும் குதிரையையும் சேர்த்து வணிகன் வட்டம் போட்டுவிட்டான். அரசன் அசையவில்லை, பாக்கி தீர்ந்த பிறகே புறப்பட்டான். இதை நேரில் கண்டதாகவே எழுதுகிறார் மார்க்கோ போலோ. யாத்திரிகர்கள் சற்று மிகைப்படுத்துவது உண்டு. ஆனாலும் இதில் ஒரு நீதி தெரிகிறது: கோடு என்றால் அரசனுக்கும் ஒரே கோடு.

கடன் ஒரு தலைமுறையோடு முடியாது என்ற எண்ணமும் நம்மிடம் பழையது. பெரிய புராணத்தில் சுந்தரர் கதையை நினைத்துப் பாருங்கள். மணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வெளிவருகிறது. பாட்டனாரின் கையெழுத்தைப் பழைய ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பேரன் கட்டுப்பட்டவன்தான் என்று சபை தீர்ப்பளிக்கிறது. வந்தவர் இறைவன் என்பதால் கதை இனிமையாக முடிகிறது. ஆனால் பாட்டன் எழுதிக் கொடுத்ததற்குப் பேரன் ஆளாவான் என்பதைச் சபையில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை எழுதியபோது படித்தவர்களுக்கும் அது விபரீதமாகப் படவில்லை. ஓலை உண்மையா என்பது ஒன்றே கேள்வி.

இனி நெசவாளிக்குத் திரும்புவோம். ஐரோப்பியக் கம்பெனிகள் துணி வாங்க வந்தபோது, முன்பணம் கொடுத்து நெய்யச் சொல்லும் வழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்தது. அந்த முன்பணத்தில் நெசவாளியின் கை தாழ்ந்திருக்கவில்லை. தென்னாட்டு நெசவாளரின் வரலாற்றை ஆராய்ந்து 2001இல் நூல் வெளியிட்ட பிரசன்னன் பார்த்தசாரதி இதை எடுத்துக் காட்டுகிறார். வேலை பிடிக்கவில்லையென்றால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து நெசவாளி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம்; வணிகருக்கு அந்த உரிமை கிடையாது. அதிகம் நெருக்கினால் நெசவாளி தறியைக் கழற்றிக்கொண்டு வேறு சீமைக்குப் போய்விடுவான். எங்கும் அவனுக்கு வரவேற்பு இருந்தது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனியே ராஜாவானதும் இது மாறிற்று. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, காஞ்சி அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வணிகனும் அரசனும் ஒரே ஆளாகிவிட்டால் முன்பணம் வெறும் பணமாக இருக்காது, கட்டளை ஆகிவிடும். கம்பெனியிடம் முன்பணம் வாங்கியவன் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று ஆயிற்று. காவலுக்குச் சேவகர்கள் வந்தார்கள்.

அந்த நவாபே பெரிய கடனாளி என்பது இன்னொரு கதை. அவருடைய கடன்களைப் பற்றி 1785இல் எட்மண்டு பர்க் லண்டன் பார்லிமெண்டில் பேசிய பேச்சு பிரசித்தமானது. 1801இல் கர்நாடக ராஜ்யம் கம்பெனிக்குப் போன பிறகு கமிஷன் ஒன்று உட்கார்ந்து ஆராய்ந்தபோது, கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கடன்களில் மிகப் பெரும் பகுதி செல்லாது என்று தள்ளப்பட்டது. நவாபின் பத்திரங்களைச் சோதிக்கக் கமிஷன் வந்தது. நெசவாளியின் முன்பணக் கணக்கைச் சோதிக்க யாரும் வரவில்லை.

வந்தது 1859ஆம் ஆண்டின் சட்டம். அந்த ஓர் ஆண்டிலே இரண்டு சட்டங்கள் பிறந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று எட்டாவது சட்டம், சிவில் கோர்ட்டுகளின் விசாரணை முறையை வகுத்தது. கடன் கொடுத்தவன் வழக்குப் போட்டு, டிக்கிரி வாங்கி, சொத்தை ஜப்தி செய்யலாம். கடனாளியைச் சிவில் சிறைக்கும் அனுப்பலாம். மற்றது பதின்மூன்றாவது சட்டம், வேலைக்காரர் ஒப்பந்த மீறல் சட்டம். கைவினைஞனோ கூலியாளோ முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமற்போனால் மாஜிஸ்டிரேட்டிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திருப்பு அல்லது வேலையைச் செய் என்று அவர் உத்தரவிடுவார். கேளாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல்! கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கு என்று பிறந்த சட்டம் பிறகு வெளியூர்களுக்கும் விரிந்தது; தோட்ட முதலாளிகளுக்குப் பெரிதும் உதவிற்று.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். வியாபாரி ஆயிரம் ரூபாய் கடனைக் கொடுக்கவில்லையென்றால் அது சிவில் விவகாரம். கூலிக்காரன் ஐந்து ரூபாய் முன்பணத்துக்கு வேலை செய்யவில்லையென்றால் அது குற்றம்! இந்தச் சட்டம் 1925இல் போட்ட இன்னொரு சட்டத்தினால் ரத்தாயிற்று. 1926 ஏப்ரல் முதல் அது இல்லை. அறுபத்தாறு வருஷம் உயிரோடு இருந்த சட்டம், தான் போன பிறகும் ஒரு பயத்தை விட்டுப் போயிருக்கிறது. கடன் என்றால் போலீஸ் என்ற நினைப்பு நம் ஜனங்களின் மனத்தில் இன்றும் இருக்கிறது. பெரியவர் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

சிவில் சட்டத்தின் பக்கமோ இரக்கம் மெல்ல மெல்லக் கசிந்து வந்தது. 1888இல், பண டிக்கிரிக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்று விதி வந்தது. 1908இல் வந்த சிவில் விசாரணை முறைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் சில பிரிவுகளைப் படித்தால், யாரோ ஓர் ஏழை வீட்டு நடையில் நின்றுகொண்டு எழுதியதுபோல் இருக்கும்.

சூரியன் அஸ்தமித்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கடனாளியைக் கைது செய்ய வீட்டுக்குள் நுழையக் கூடாது. கடனாளியைச் சிறையில் வைக்க வேண்டுமானால், அவனுடைய சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவனே கோர்ட்டில் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அவனை விட்டுவிட வேண்டும். ஒருமுறை சிறையிருந்து வெளிவந்தவனை அதே டிக்கிரிக்காக மறுபடி கைது செய்ய முடியாது. ஆனால் கடன் மட்டும் தீர்ந்தபாடில்லை; அது அப்படியே நிற்கும். அந்தச் சட்டம் வந்தபோது ஐம்பது ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கிரிக்கு ஆறு மாதம் வரை சிறை வைக்கலாம். இன்று ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்டதற்கு மூன்று மாதம்தான் எல்லை; இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்படாத டிக்கிரிக்குச் சிறையே கிடையாது.

அறுபதாவது பிரிவு எவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. கடனாளி, அவன் மனைவி, குழந்தைகள் உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், பாய், படுக்கை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணம், அதாவது நம் ஊர்த் தாலி. கூலியாளின் கூலி. கைவினைஞரின் கருவிகள்.

கைவினைஞரின் கருவிகள்! கையாலும் காலாலும் இயக்குகிற குழித்தறி, அதன் அச்சு, விழுது, நாடா எல்லாம் அந்தச் சொல்லில் அடங்கும் என்றுதான் கொள்ள வேண்டும். கடன்பட்டவனுடைய கருவியைப் பிடுங்கிவிட்டால் அவன் எதைக் கொண்டு கடனைத் தீர்ப்பான்? சட்டம் எழுதியவர்களுக்கு இந்தச் சின்ன உண்மை தெரிந்திருந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்தப் பாதுகாப்பு, கோர்ட்டு ஜப்திக்கு எதிராகத்தான். நாமே கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்த நகையை எந்தப் பிரிவும் மீட்டுத் தராது.

அடுத்த படி சிறையைப் பற்றியது. இந்தியத் தொழிலாளரைப் பற்றி ஆராய்ந்த ராயல் கமிஷன் 1931இல் அறிக்கை கொடுத்தது. அதையொட்டி 1936இல் சட்டம் திருத்தப்பட்டது. கடனாளிக்குக் கொடுக்கச் சக்தி இருந்தும் கொடுக்க மறுக்கிறான், அல்லது சொத்தை ஒளிக்கிறான், அல்லது ஓடப் பார்க்கிறான் என்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால் ஒழியச் சிறை கூடாது. 1980 பிப்ரவரியில் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின் என்ற வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இதற்கு உயிர் கொடுத்தார். கடனைக் கொடுக்க முடியாத ஏழ்மை குற்றமாகாது. கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படாமல் ஒருவனைக் கடனுக்காகச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டம் தரும் உயிர், சுதந்திர உரிமைக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

பாட்டன் கடன் பேரனுக்கு என்ற பழைய எண்ணமும் விழுந்தது. ஹிந்து சட்டத்தில், தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகன்மேலும் பேரன்மேலும் கோர்ட்டுக்குப் போக வழி இருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்குப் பிறகு பட்ட கடன்களைப் பொறுத்தவரை அந்த வழியை மூடிவிட்டது. தகப்பன் விட்டுப்போன சொத்து பொறுப்பாகலாம். பிள்ளையின் உடம்பும் உழைப்பும் அல்ல.

இவ்வளவு இரக்கமுள்ள சட்டம் இருந்தும் காஞ்சிபுரத்து நெசவாளி ஏன் கடனிலேயே பிறந்து கடனிலேயே வளர்ந்தான்? அவனுடைய கடன் கோர்ட்டுக்கே வரவில்லை என்பதுதான் விடை.

தறி அவனுடையது, பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. தறி போடும்போதோ, கல்யாணத்துக்கோ, வைத்தியத்துக்கோ முதலாளி ஒரு தொகை கொடுப்பார். அதற்கு அட்வான்ஸ் என்று பெயர். பெரும்பாலும் வட்டி கிடையாது. அதனாலேயே அது தருமமாகக்கூடத் தோன்றும். வட்டிக்குப் பதிலாக அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பாக்கி தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்யக் கூடாது. வேறிடம் போக வேண்டுமானால், புது முதலாளி பழைய முதலாளியின் பாக்கியைக் கட்டி நெசவாளியை அழைத்துக்கொள்வார். கடன் தீராது, கை மாறும். கூலி குறைவு என்று வாய் திறந்தால் அடுத்த பாவு தாமதமாக வரும். நோட்டீசு இல்லை, வக்கீல் இல்லை, அமீனா இல்லை. பாவு வரவில்லை என்ற ஒன்றே போதும். மறு வாரம் அடுப்பு எரியாது. தறியை ஜப்தி செய்ய முடியாது என்று சட்டம் சொல்லிற்று. தறியின் முன்னால் இருந்தவனை அட்வான்ஸ் ஜப்தி செய்துகொண்டது.

பிள்ளைகளையும் அது விட்டுவைக்கவில்லை. காஞ்சிபுரம் புடவையின் பெருமையே கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துப் பிணைக்க வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஓர் ஆளால் முடியாது. கரைப் பக்கம் உட்கார்ந்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னோர் ஆள் வேண்டும். வெகு காலம் அந்த ஆள் ஒரு குழந்தையாகவே இருந்தது. சொந்தக் குழந்தை இல்லையென்றால், இன்னொரு ஏழை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து அந்த வீட்டுக் குழந்தை அழைத்துவரப்பட்டது. முகூர்த்தத்தில் மின்னுகிற கரையைப் பார்க்கும்போது, கரைப் பக்கம் உட்கார்ந்தது யார் என்று நாம் கேட்டதுண்டா?

சட்டம் இதைக் காணாமல் இல்லை. குழந்தையின் உழைப்பை ஈடு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933லேயே ஒரு சட்டம் போட்டார்கள். தண்டனை என்ன தெரியுமா? பெற்றவனுக்கு ஐம்பது ரூபாய் அபராதம். வேலை வாங்கியவனுக்கு இருநூறு ரூபாய். 1938இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த கடன் நிவாரணச் சட்டம் பெரிய காரியம்தான். ஆனால் அது விவசாயிகளுக்கு. நிலமில்லாமல் தறி மட்டும் வைத்திருந்தவனுக்கு அதில் இடமில்லை.

பிறகு 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் நிலைத்தது கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். முன்பணத்துக்காக ஒருவன் தன் உழைப்பின்மேலுள்ள உரிமையை, விரும்பிய இடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை இழந்தால் அது கொத்தடிமைத்தனம். முன்னோர் பட்ட கடனுக்காக உழைப்பதும் அப்படியே. அப்படிப்பட்ட கடன் அந்தக் கணமே அழிந்துபோகும். அழிந்த கடனுக்காகப் பணம் வாங்கினால் வாங்கியவருக்கு மூன்று வருஷம் வரை சிறை. திருவெண்ணெய்நல்லூரில் காட்டிய மூல ஓலையை இன்று கோர்ட்டில் காட்டினால், காட்டியவரைத்தான் விசாரிப்பார்கள்.

ஆயினும் சட்டம் வந்து இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு, 2003இல், இந்தியாவின் பட்டுத் தொழிலில் கடனுக்குப் பிணைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற சர்வதேச அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பள்ளிக்கூடங்களும் சோதனைகளும் விழிப்பும் சேர்ந்து அந்தக் காட்சியைப் பெரும்பாலும் மாற்றியிருக்கின்றன. குழந்தைகள் படித்தார்கள், தறிக்குத் திரும்பவில்லை. பெரியவரின் பையனும் அப்படித் தறியைவிட்டுத் தப்பியவன்தான்.

தப்பியவன் கையில் ஒரு கார்டு வந்திருக்கிறது. அந்தக் காகிதத்துக்கு என்ன பதில்?

கிரெடிட் கார்டு பாக்கி சிவில் கடன். பணம் கட்ட முடியாமற்போனதற்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. முதலிலேயே பொய் ஆதாரம் காட்டி ஏமாற்றியிருந்தால்தான் மோசடி வழக்கு வரும். கொடுத்த செக்கு பணமில்லாமல் திரும்பினாலும் வழக்கு வரும்; 1881ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1988இல் சேர்த்த 138ஆவது பிரிவின்படி அது குற்றம், இரண்டு வருஷம் வரை தண்டனை உண்டு. இவை இல்லாவிட்டால் வங்கி செய்யக்கூடியது வழக்குப் போடுவது. பொதுவாக மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். சம்மன் வந்தால் பையன் கட்டாயம் ஆஜராக வேண்டும். பயந்து ஒளிந்தால் ஒருதலைப்பட்சமாக டிக்கிரி ஆகிவிடும். டிக்கிரி ஆனால் வங்கிக் கணக்கிலுள்ள பணத்தையும் சம்பளத்தில் சட்டம் அனுமதிக்கும் பகுதியையும் பிடிக்கலாம். அப்பாவின் தறியைப் பிடிக்க முடியாது. அம்மாவின் தாலியைத் தொட முடியாது.

வசூலுக்கு அடியாட்களை அனுப்புவதை 2007இல் சுப்ரீம் கோர்ட்டு கடுமையாகக் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டுப் போன் செய்யக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வட்டிக்காகக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் ஒரு சட்டமும், கடன் கொடுத்தவர்களின் பலவந்த வசூலைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கின்றன.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் பெரியவரை ஏமாற்றியவன் ஆவேன். கடன் உண்மை. வட்டி ஏறிக்கொண்டே போகும். கார்டு பாக்கிக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது அநியாயம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் கமிஷன் சொன்னதை, 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. அந்த வேலி இப்பொழுது இல்லை. கடன் பேரேட்டில் பெயர் கெட்டால் நாளைக்கு வீட்டுக் கடன், படிப்புக் கடன் கிடைப்பது கஷ்டம். மார்க்கோ போலோ கண்ட வட்டத்தை இப்போது தரையில் கீறுவதில்லை. பெயரைச் சுற்றிக் கீறுகிறார்கள்.

ஆயிரம் வருஷத்துக் கதையில் நான் காண்பது இதுதான். சட்டம் கடனாளியின் உடம்பை விட்டு, உடைமையைப் பிடித்தது. உடைமையிலும் பாத்திரத்தையும் படுக்கையையும் கருவியையும் விட்டுவிட்டது. அவ்வளவு தூரம் அது இறங்கி வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சலுகையெல்லாம் கோர்ட்டுப் படி ஏறியவனுக்குத்தான். அட்வான்ஸ் வாங்கிய நெசவாளி அதை ஏறவே இல்லை. கார்டு வாங்கிய அவன் பிள்ளையும் அதை ஏறாதபடி ஒரு காகிதம் பயமுறுத்துகிறது. அன்று பாவு வராது என்ற பயம். இன்று போலீஸ் வரும் என்ற பயம். பயந்தவனுக்குச் சட்டம் இருந்தும் இல்லாததுதான்.

பெரியவரிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இதிலே எழுதியிருக்கிறதெல்லாம் பொய்யா, ஐயா?"

"கடன் பொய்யில்லை, பெரியவரே. கைதுதான் பொய். பையனை வங்கிக்கே நேரில் போய், மாதா மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தால் ஒளிய வேண்டாம். போய் நிற்கச் சொல்லுங்கள்."

"கட்டிடுவானுங்க. நாங்க யாருக்கும் நாமம் போட்டதில்லே."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "வெளிச்சம் போயிடும், நான் உட்காரணும்" என்று சொல்லிக்கொண்டே தறிக் குழியில் இறங்கினார். நான் தெரு முனை திரும்பும் வரைக்கும் பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.